வாங்க ஆள் குறைந்தால் என்ன ஆகும்? பெரிய மீடியா இணைப்புகளும் சவுத் ஆற்காடு ஏரியாவும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் சரி, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் சரி, சாயங்காலம் ஆனால் விஜய் டிவி ஓடாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். அந்தச் சேனலின் முதலாளிகள் யார் யார் என்று வரிசையாக எழுதிப் பார்த்தாலே மீடியா வியாபாரத்தின் முப்பது வருடக் கதை கிடைத்துவிடும். 1990-களின் நடுவில் கோல்டன் ஈகிள் என்ற நிறுவனத்தின் சேனலாகத் தொடங்கியது. பிறகு விஜய் மல்லையா கைக்குப் போனது. விஜய் என்ற பெயர் அப்போது வந்ததுதான். அவரிடமிருந்து யுடிவி, யுடிவியிடமிருந்து 2001-ல் ரூபர்ட் முர்டாக்கின் ஸ்டார். 2019 மார்ச்சில் டிஸ்னி. 2024 நவம்பர் 14 முதல் ரிலையன்ஸும் டிஸ்னியும் கூட்டாக வைத்திருக்கும் ஜியோஸ்டார்.

இதில் 2019-ல் நடந்ததைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முர்டாக் தன்னுடைய ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை விற்க முடிவு செய்தார். 2017 டிசம்பரில் டிஸ்னி பேசிய விலை 5,240 கோடி டாலர். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் குறுக்கே வந்து 6,500 கோடி டாலர் ரொக்கமாகவே தருகிறேன் என்றது. டிஸ்னி விடவில்லை, 7,130 கோடி டாலருக்கு ஏறி வாங்கிவிட்டது. ஹாலிவுட் ஸ்டுடியோ, ஹுலு என்ற ஓடிடியில் ஒரு பங்கு, கேபிள் சேனல்கள் எல்லாம் ஒரே மூட்டை. அந்த மூட்டைக்குள் ஸ்டார் இந்தியா, ஸ்டார் இந்தியாவுக்குள் விஜய். அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் ஒரு ஸ்டுடியோவுக்காக மல்லுக்கட்டியதில் நம் வீட்டுச் சேனல் கைமாறியது. தமிழ்நாட்டு மார்க்கெட்டைப் பற்றி யாராவது பேசியிருந்தால் அது கணக்கின் ஒரு மூலையில் வந்திருக்கும், அவ்வளவுதான். அந்த விற்பனையோடு ஹாலிவுட்டின் ஆறு பெரிய ஸ்டுடியோக்கள் ஐந்து ஆயின.

இப்படி ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேரும் இணைப்புச் செய்தி வந்தால் பத்திரிகைகள் முதலில் தொகையைப் போடும். அடுத்து, மாதக் கட்டணம் ஏறுமா என்று கேட்கும். இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போய்விடுகிறது என்று நினைக்கிறேன். ஒரு படத்தையோ சீரியலையோ எடுத்து முடித்தவர் விற்கக் கிளம்பினால், தட்டுவதற்கு எத்தனை கதவு மிச்சம் இருக்கிறது?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலை மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏலத்துக்கு ஐந்து வியாபாரிகள் நின்றால் வஞ்சிரத்துக்கு ஒரு விலை, இரண்டு பேர் நின்றால் வேறு விலை. மீன் அதே மீன்தான். ஐந்து பேரில் மூன்று பேர் கூட்டு சேர்ந்து ஒரே ஆளாக வந்து நின்றால், வாங்கிக் குழம்பு வைப்பவருக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரியாது. வலை போட்டவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

மீடியாவில் இது நடந்ததற்கு ஐபிஎல் உரிமையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2018 முதல் 2022 வரைக்கான உரிமையை டிவிக்கும் இணையத்துக்கும் சேர்த்து ஸ்டார் 16,347 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2023 முதல் 2027 வரைக்கான ஏலம் 2022 ஜூனில் நடந்தது. இந்த முறை டிவியையும் டிஜிட்டலையும் தனித்தனியாகப் பிரித்து விட்டார்கள். டிவி உரிமை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டாருக்குப் போனது. இந்தியாவுக்கான டிஜிட்டல் உரிமையை 20,500 கோடிக்கு ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்18 எடுத்தது. எல்லாப் பிரிவும் சேர்ந்து 48,390 கோடி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எதிரும் புதிருமாக நின்று விலையை ஏற்றியவர்களில் முக்கியமான இருவர் இரண்டே ஆண்டில் ஒரே கம்பெனி ஆகிவிட்டார்கள்.

பார்வையாளர் பக்கமும் இது சீக்கிரமே தெரிந்தது. 2023-ல் வயாகாம்18-ன் ஓடிடியான ஜியோசினிமா ஐபிஎல்லை இலவசமாகக் காட்டியது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்கூட செல்போனில் முழு மேட்ச்சையும் பார்த்தார். போட்டியாளரிடமிருந்து ஆட்களை இழுக்க வேண்டியிருந்தது, அதனால் இலவசம். 2025 பிப்ரவரி 14-ல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டார் ஆயின. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இலவசம், மேலே பார்க்க வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு 149 ரூபாயில் தொடங்கும் திட்டம். தொகை பெரிதில்லைதான். ஆனால் இழுக்க வேண்டிய எதிராளி இல்லாதபோது இலவசம் எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்பது தெரிந்துவிட்டது.

இப்போது சினிமாவுக்கு வருவோம், நம் பகுதிக்கு இதுதான் நெருக்கமான விஷயம். தென்னாற்காடு மாவட்டம் 1993-ல் பிரிந்துபோனது. சினிமா வியாபாரத்தில் மட்டும் இன்றும் சவுத் ஆற்காடு ஏரியா என்றுதான் பேசுவார்கள். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி எல்லாம் அதற்குள் வரும். வட ஆற்காடு, செங்கல்பட்டோடு சேர்த்து எடுத்தால் என்.எஸ்.சி. ஒரு விநியோகஸ்தர் இந்த ஏரியாவுக்கு ஒரு படத்தை எடுப்பதில் சில வகை இருக்கிறது. எம்.ஜி. என்றால் இவ்வளவு தொகைக்குக் குறையாது என்று முன்கூட்டியே கொடுத்துவிடுவது. படம் ஓடாவிட்டால் நஷ்டம் அவர் தலையில். அட்வான்ஸ் என்றால் வசூல் குறைந்தால் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். கமிஷன் அடிப்படையில் எடுத்தால் விநியோகஸ்தருக்கு ரிஸ்க் இல்லை, தயாரிப்பாளருக்குத்தான் எல்லாம்.

ஒரு காலத்தில் தயாரிப்பாளர் போட்ட பணம் ஏரியா ஏரியாவாக விற்றே திரும்பியது. பிறகு டிவியில் காட்டுவதற்கான சாட்டிலைட் உரிமை வந்தது. கடைசியாக ஓடிடி. கொரோனா காலத்தில் ஓடிடி நிறுவனங்கள் போட்டி போட்டு வாங்கியதில் பல படங்களுக்குப் பூஜை போடும்போதே அந்தப் பணத்தை வரவில் எழுதிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. ரிலீஸ் தேதியைக்கூட ஓடிடி ஒப்பந்தம் தீர்மானிக்கும் நிலை. பிறகு அவர்கள் கை இறுகியது. நட்சத்திரப் படங்களுக்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள். நடுத்தரப் படத்துக்கும் புதுமுகங்கள் எடுத்த படத்துக்கும் பதில் வருவதே பெரிய விஷயம் ஆகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் இணைப்பு வந்து சேர்கிறது. 2024 தொடக்கத்தில் ஒரு தமிழ்ப் படத்தைக் கையில் வைத்திருந்தவர் ஹாட்ஸ்டாரில் ஒரு விலை கேட்டுவிட்டு, அது பிடிக்காவிட்டால் ஜியோசினிமாவில் இன்னொரு விலை கேட்டிருக்கலாம். சாட்டிலைட்டுக்கு விஜய் டிவியிடம் பேசிவிட்டு, 2018-ல் தொடங்கிய கலர்ஸ் தமிழிடமும் பேசியிருக்கலாம். சின்னப் படத்துக்கு முதல் வரிசைச் சேனலைவிட இரண்டாம் வரிசைச் சேனல்தான் உதவும். ஒளிபரப்ப அதற்குப் படம் வேண்டும், பெரிய படத்தை வாங்க அதனிடம் பணம் இருக்காது. நவம்பருக்குப் பிறகு அந்த நான்கு கதவுக்கும் பின்னால் ஒரே வீடு. ஒரு அறையில் இல்லை என்று சொன்னதை அடுத்த அறையில் உண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

ஜியோஸ்டார் எவ்வளவு பெரியது? உருவானபோது அதன் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். ரிலையன்ஸ் அதில் 11,500 கோடி போட்டது. ரிலையன்ஸ் நேரடியாகவும் வயாகாம்18 வழியாகவும் சேர்த்து சுமார் 63 சதவீதம், டிஸ்னி 36.84 சதவீதம். நூறுக்கும் மேற்பட்ட சேனல்கள். 2024 ஆகஸ்ட் 28-ல் இந்தியப் போட்டி ஆணையம், அதாவது சி.சி.ஐ., இதற்கு அனுமதி கொடுத்தது. நிபந்தனை இல்லாமல் கொடுக்கவில்லை. ஹங்காமா முதலான சில சேனல்களைக் கைவிடுவதாகவும், பெரிய கிரிக்கெட் போட்டிகளில் டிவி விளம்பரத்தையும் இணைய விளம்பரத்தையும் ஒன்றாகக் கட்டி விற்பதில்லை என்றும் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன.

அந்த நிபந்தனைகளைப் படித்தால் ஆணையம் யாரை மனதில் வைத்துப் பார்த்தது என்று தெரிகிறது. பார்வையாளர், விளம்பரதாரர். புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையோ கடலூர் இம்பீரியல் ரோட்டில் ஒரு நகைக்கடையோ தீபாவளிக்கு டிவி விளம்பரம் போட நினைத்தால், விற்பவர் ஒருவராக ஆகும்போது ரேட் ஏறும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் படம் விற்க வருகிறவருக்கும் இது ஒரு சந்தைதான். அவர் பக்கம் நின்று எண்ணினால் கணக்கு வேறு மாதிரி வரும். அதுவும் மொழிவாரியாக எண்ண வேண்டும். இந்தியா முழுக்க எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று கேட்டால் நிறைய பேர் இருப்பது போலத் தெரியும். பெரிய நட்சத்திரம் இல்லாத தமிழ்ப் படத்தை வாங்குகிறவர் எத்தனை பேர் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இணைப்புக்குப் போகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. டிவி விளம்பரப் பணம் யூடியூப் பக்கமும் இன்ஸ்டாகிராம் பக்கமும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஓடிடி நடத்துவது பணத்தை விழுங்கும் வேலை. சந்தாதாரர் ஒரு மாதம் கட்டுவார், அடுத்த மாதம் நிறுத்துவார். தனியாக நின்று நஷ்டப்படுவதைவிடச் சேர்ந்து நின்றால் ஒரே தொழில்நுட்பச் செலவு, ஒரே விற்பனைப் பிரிவு, ஒரே ஆப் என்று மிச்சம் பிடிக்கலாம். இது உண்மைதான். அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் போதும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பிரிவில் ஒன்று மூடப்படும். இரண்டு பேர் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் வாங்குவார்.

எல்லா இணைப்பும் கரை சேர்வதில்லை. ஜீயும் சோனியும் 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டன. சேர்ந்தால் சுமார் 1,000 கோடி டாலர் மதிப்பு என்றார்கள். இரண்டு ஆண்டு ஓடியது. சேர்ந்த கம்பெனிக்கு யார் தலைவர் என்பதில் சிக்கல், நடுவில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விசாரணை, ஜீ நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் மேல் தகராறு. 2024 ஜனவரி 22-ல் சோனி கையை விரித்துவிட்டு 9 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டது. ஆகஸ்டில் இருவரும் வழக்குகளை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். தமிழுக்கு இதில் ஒரு நன்மை: ஜீ5 ஒரு கதவாகவும் சோனிலிவ் இன்னொரு கதவாகவும் அப்படியே நின்றன.

தியேட்டர் பக்கம் நடந்தது இன்னும் சத்தமில்லாமல் நடந்தது. சென்னையின் சத்யம் திரையரங்குகளை நடத்திய எஸ்பிஐ சினிமாஸை 2018 ஆகஸ்டில் பிவிஆர் சுமார் 850 கோடி ரூபாய் மதிப்பில் வாங்கியது. 2022 மார்ச்சில் பிவிஆரும் ஐநாக்ஸும் சேர்வதாக அறிவித்தன. 2023 பிப்ரவரி 6-ல் சேர்ந்தன. 1,500-க்கும் மேற்பட்ட திரைகள் ஒரே கையில். நாட்டின் முதல் இரண்டு மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் சேரும்போது சி.சி.ஐ. அதைத் துருவிப் பார்த்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பார்க்கவில்லை. ஆணையத்திடம் அனுமதி கேட்க வேண்டுமென்றால் கம்பெனியின் வருமானம் ஒரு அளவுக்கு மேல் இருக்க வேண்டும். கொரோனாவில் தியேட்டர்கள் மூடிக் கிடந்த வருடக் கணக்கை வைத்துப் பார்த்ததில் வருமானம் அந்த அளவுக்குள் அடங்கிவிட்டது. ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் கொடுத்தது. 2022 செப்டம்பரில் அதுவும் தள்ளுபடி ஆனது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 செப்டம்பர் முதல், வருமானம் குறைவாக இருந்தாலும் பேரத்தின் மதிப்பு 2,000 கோடிக்கு மேல் போனால், இந்தியாவில் கணிசமான வியாபாரம் இருக்கும் பட்சத்தில் அனுமதி வாங்க வேண்டும். திரைகளுக்கு அது தாமதமாக வந்த திருத்தம்.

புதுச்சேரியில் ரத்னா, ராமன், கடலூரில் கிருஷ்ணாலயா என்று நம் பக்கம் இன்னும் சொந்தக்காரர் பெயர் தெரிந்த தியேட்டர்கள் நிற்கின்றன. அப்படிப்பட்ட தியேட்டர்களுக்கு மல்டிபிளெக்ஸ் இணைப்பைவிட நேரடியாகத் தொடக்கூடிய ஒன்று புரொஜெக்டர் அறையில் இருக்கிறது. பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது பல தியேட்டர்களில் கியூப், யுஎஃப்ஓ போன்ற நிறுவனங்கள் புரொஜெக்டரையும் சர்வரையும் கொண்டுவந்து வைத்தன. படம் பூட்டிட்ட கோப்பாக வரும். எத்தனை காட்சி, எந்தத் தேதி வரை என்று அனுமதி கொடுக்கும் சாவி தனியாக வரும். சாவி வராவிட்டால் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டியிருந்தாலும் திரையில் ஒன்றும் ஓடாது. இதற்காகத் தயாரிப்பாளர் ஒவ்வொரு திரைக்கும் கட்டும் தொகைதான் வி.பி.எஃப். பிரிண்ட் போடும் செலவு மிச்சமாவதால் அதில் ஒரு பங்கைக் கொடுங்கள் என்று ஆரம்பித்தது. கருவிக்கான கடன் அடைந்த பிறகும் நிற்கவில்லை என்பது தயாரிப்பாளர்களின் மனக்குறை. 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதம் புதுத் தமிழ்ப் படமே வராமல் நின்றது இந்தக் கட்டணத்தை முன்னிட்டுத்தான்.

அந்த ஸ்டிரைக்குக்குச் சில மாதம் முன்பு, 2017 நவம்பரில், கியூபும் யுஎஃப்ஓவும் சேரப் போவதாக அறிவித்திருந்தன. அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால், சாவி கொடுக்கும் இரண்டு பெரிய கைகளும் ஒன்றாகியிருக்கும். நட்சத்திரப் பெயர் எதுவும் இல்லாத இப்படி ஒரு இணைப்பு, நம் ஊர் தியேட்டருக்கு ஹாலிவுட் இணைப்பைவிடப் பல மடங்கு முக்கியம். பத்திரிகையில் வியாபாரப் பக்கத்தின் ஓரத்தில் வந்து போனது.

ஹாலிவுட்டைச் சொன்னால் வார்னர் பிரதர்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. கைமாறிக் கைமாறி ஒரு ஸ்டுடியோ என்ன பாடுபடும் என்பதற்கு அதுவே சாட்சி. 2000 ஜனவரியில் இணையக் கம்பெனியான ஏஓஎல், வார்னர் பிரதர்ஸின் தாய்க் கம்பெனியான டைம் வார்னரோடு சேர்வதாக அறிவித்தது. பழைய மீடியாவும் புது மீடியாவும் கைகோத்த பொற்காலம் என்றார்கள். 2002-ல் சேர்ந்த கம்பெனி காட்டிய நஷ்டம் கிட்டத்தட்ட 9,900 கோடி டாலர்; அமெரிக்காவில் அதுவரை எந்தக் கம்பெனியும் காட்டாத நஷ்டம். பிறகு பிரிந்தார்கள். 2018 ஜூனில் தொலைபேசி நிறுவனமான ஏடி&டி, டைம் வார்னரை 8,540 கோடி டாலர் விலையில் வாங்கியது. நான்கே வருடத்தில் அதுவும் வேண்டாம் என்று கழற்றிவிட்டது. 2022 ஏப்ரலில் டிஸ்கவரியோடு சேர்ந்து வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி பிறந்தது. பிறக்கும்போதே சுமார் 5,500 கோடி டாலர் கடன்.

அந்தக் கடன்தான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய பாத்திரம். இணைப்புக்கான பணம் பெரும்பாலும் கடனாக வரும், அந்தக் கடனைச் சேர்ந்த கம்பெனிதான் அடைக்க வேண்டும். அடைப்பதற்கு எளிய வழி செலவைக் குறைப்பது. மீடியா கம்பெனியில் பெரிய செலவு படமும் தொடரும். சிஎன்என் நிறுவனம் தொடங்கிய புது ஸ்ட்ரீமிங் சேவையை ஒரே மாதத்தில் மூடினார்கள். 2022 ஆகஸ்டில், படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங்கில் இருந்த, சுமார் 9 கோடி டாலர் செலவான ஒரு படத்தைத் தியேட்டரிலும் விடாமல் ஓடிடியிலும் விடாமல் கணக்கில் நஷ்டமாக எழுதிவிட்டார்கள். வெளியிட்டு வரும் லாபத்தைவிட வெளியிடாமல் கிடைக்கும் வரிச் சலுகை பெரிது என்பது கணக்கு. ஒரு படத்தில் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று அறிந்த யாருக்கும் இதைப் படித்தால் வயிறு எரியும். படம் மோசமாக இருந்தால் ஜனங்கள் நிராகரிக்கட்டும். பார்க்கவே விடாமல் பூட்டிவைப்பது எந்த ஊர் நியாயம்?

2025 டிசம்பரில் இதே வார்னருக்கு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு விலை வந்தது. 5-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் ஒரு பங்குக்கு 27.75 டாலர் என்று ஒப்பந்தம் அறிவித்தது. கடனையும் சேர்த்து 8,270 கோடி டாலர் மதிப்பு. ஸ்டுடியோவும் எச்பிஓவும் மட்டும் நெட்ஃபிளிக்ஸுக்கு, டிவி சேனல்கள் தனிக் கம்பெனியாகப் பிரிந்துபோகும் என்பது அப்போதைய ஏற்பாடு. 8-ஆம் தேதி பாரமவுண்ட் ஸ்கைடான்ஸ் குறுக்கே வந்தது. ஒரு பங்குக்கு 30 டாலர் ரொக்கம், சேனல்கள் உட்பட மொத்தமாக, கடனோடு சேர்த்து 10,840 கோடி டாலர் மதிப்பு. நிர்வாகக் குழு ஏற்காவிட்டாலும் நேராகப் பங்குதாரர்களிடமே போய் உங்கள் பங்கை என்னிடம் விற்றுவிடுங்கள் என்று கேட்கும் முறை இது. அந்தப் பாரமவுண்டே நான்கு மாதத்துக்கு முன்புதான், ஆகஸ்டில், ஸ்கைடான்ஸ் கைக்கு வந்திருந்தது.

இந்த இரண்டில் எது மேல் என்று அமெரிக்காவில் பெரிய விவாதம் நடந்தது. நெட்ஃபிளிக்ஸ் என்றால் தியேட்டர்காரர்களுக்குப் பயம்: படங்களைச் சீக்கிரம் ஓடிடிக்கு இழுத்துக்கொள்ளும். பாரமவுண்ட் என்றால், இரண்டு பழைய ஸ்டுடியோக்கள் ஒன்றாகிப் படங்களின் எண்ணிக்கை குறையும். சிபிஎஸ், சிஎன்என் என்று இரண்டு செய்தி நிறுவனங்கள் பாரமவுண்டை வைத்திருக்கும் ஒரே குடும்பத்தின் கைக்குப் போகும். எந்த வழியில் போனாலும் ஒரு கதவு குறைகிறது. தமிழ்ப் படம் இல்லாத வாரங்களில் புதுச்சேரித் திரைகளை ஓட்டுவது தமிழில் டப் செய்யப்பட்ட ஆங்கிலப் படங்கள். அந்த வரத்து குறைந்தால், பெரிய பண்டிகை ரிலீஸ்களுக்கு நடுவில் வெறும் நாற்காலிகளுக்கு ஏசி போட வேண்டியதுதான்.

புதுச்சேரியில் பிரான்ஸில் சொந்தக்காரர் இல்லாத தெருவைக் காண்பது அபூர்வம், அதனால் பிரான்ஸ் இதை எப்படிக் கையாண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஎஃப்1, எம்6 என்ற இரண்டு பெரிய தனியார் டிவி நிறுவனங்கள் 2021 மே மாதம் சேர்வதாக அறிவித்தன. நெட்ஃபிளிக்ஸை எதிர்க்க இதுதான் வழி என்று அதே நியாயத்தைத்தான் அவர்களும் சொன்னார்கள். அங்கே உள்ள போட்டி ஆணையம், இணைய விளம்பரத்தையும் டிவி விளம்பரத்தையும் ஒரே சந்தையாகக் கருத முடியாது, டிவி விளம்பரத்தில் உங்கள் பங்கு மிகப் பெரிதாகிவிடும் என்றது. முக்கியச் சேனல்களில் ஒன்றை விற்க வேண்டிய நிலை வந்தபோது 2022 செப்டம்பரில் இருவரும் கைவிட்டார்கள். இன்னொன்று: படம் தியேட்டரில் வந்து எத்தனை மாதம் கழித்து எந்தச் சேவையில் வரலாம் என்பதற்கு அங்கே திரைத்துறை முழுக்கக் கட்டுப்படும் கால அட்டவணை உண்டு. 2022-ல் போட்ட ஒப்பந்தப்படி நெட்ஃபிளிக்ஸ் 15 மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் வந்துவிடுகின்றன. எட்டு வாரமாவது ஆக்குங்கள் என்று தியேட்டர் உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிரான்ஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும், கம்பெனி எவ்வளவு பெரிதானாலும் மாற்ற முடியாத ஒரு விதி நமக்கும் தேவை என்பது என் கட்சி.

இணைப்பைக் கட்டுப்படுத்தினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். சன் குழுமம் எந்தப் பெரிய குழுமத்தோடும் சேரவில்லை. 1993 ஏப்ரல் 14-ல் ஒரு சேனலாகத் தொடங்கி, கேபிள், டிடிஎச், எஃப்எம், பத்திரிகை, படத் தயாரிப்பு, ஓடிடி என்று மேலும் கீழும் வளர்ந்தது. படம் எடுப்பதும் அதைக் காட்டும் சேனலும் அதைக் கொண்டுவரும் வழியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன பலம் வரும் என்பதைத் தமிழ்நாடு நேரில் பார்த்திருக்கிறது. அரசு கேபிள் 2007-ல் தொடங்கப்பட்டதும் 2011-ல் மாதம் 70 ரூபாய் என்று மீண்டும் உயிர் பெற்றதும் அந்தப் பின்னணியில்தான். அரசியல் கணக்கும் அதில் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மாற்று வழி கிடைத்தது. கடலூரிலிருந்து போய் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் அந்த வழி கிடையாது. புதுச்சேரி யூனியன் பிரதேசம், தனியார் கேபிள்தான்.

சேனல் கம்பெனிக்கும் கேபிளுக்கும் மல்லுக்கட்டு வந்தால் நடுவில் நசுங்குவது வீடுதான். 2023 பிப்ரவரியில் புதிய விலைக்கு ஒப்புக்கொள்ளாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் சிக்னலை நிறுத்தின. நாடு முழுக்க கோடிக்கணக்கான வீடுகளில் திரை இருண்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி ஒரு சேனலைத் தொகுப்பில் சேர்க்க வேண்டுமென்றால் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது, தொகுப்புக்கு 45 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். கையில் சேனல் அதிகம் உள்ளவருக்கு இது வசதி. நாம் கேட்பது இரண்டு சேனல்; தனித்தனியாக எடுத்தால் வரும் விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் பத்து சேனல் மூட்டையாகக் கிடைக்கும். மூட்டையைத்தான் எடுப்போம். பார்க்காத எட்டு சேனலுக்கும் சேர்த்து மாதாமாதம் கட்டுவோம்.

ஜியோஸ்டார் உருவாகி இரண்டே வாரத்தில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து கடலூரில் தென்பெண்ணைக் கரையோரம் வெள்ளம் புகுந்தது. எந்தத் தெருவில் தண்ணீர், எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்ற செய்தி உள்ளூர் கேபிள் சேனலில் இருந்தும் வாட்ஸ்அப் குழுக்களில் இருந்தும்தான் வர வேண்டும்; நூறு சேனல் வைத்திருக்கும் கம்பெனிக்கு அது வேலையே இல்லை. உள்ளூர் சேனலை வாழவைப்பது உள்ளூர்க் கடைகளின் விளம்பரம். பெரிய கம்பெனிகள் செல்போனில் ஊர்வாரியாக விளம்பரம் காட்டத் தொடங்கியதிலிருந்து அந்தப் பணமும் மெல்ல அங்கே போகிறது.

இந்தப் பகுதியில் குறும்படம் எடுத்துப் பழகி, இப்போது முதல் படத்தை முடித்து விற்கத் தயாராக இருக்கும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். வாங்குபவர் குறைந்த சந்தையில் அவர்களால் விலையைப் பெரிதாக ஏற்ற முடியாது. ஒப்பந்தத்தில் எழுதுவதைக் கேட்க முடியும். பணம் எந்தத் தேதியில் வரும், ஒளிபரப்பிய பிறகா முன்பா என்று தெளிவாக இருக்க வேண்டும். வாங்கிய கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தால் பாக்கியை யார் கொடுப்பார்கள் என்று ஒரு வரி இருக்க வேண்டும். படத்தை வாங்கிவிட்டு வெளியிடாமல் வைத்தாலோ, வெளியிட்டு ஒரு வருடத்தில் எடுத்துவிட்டாலோ, உரிமை தயாரிப்பாளருக்கே திரும்ப வேண்டும் என்று இன்னொரு வரி. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு வக்கீலை உட்காரவைத்து இந்த மூன்றையும் படிக்கச் சொல்லுங்கள்.